தொப்பியை எங்கே கழற்ற வேண்டும், யாரைக் கழற்றச் சொல்லக் கூடாது

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் உங்கள் பெறாமகன் பேஸ்போல் தொப்பியோடேயே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறான். அதைப் பார்த்த உங்கள் மாமனார் சோற்றில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டார். "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கிவிட்டுப் போனது, நமக்கு எதற்கு?" என்று பையன் கேட்கிறான். அவன் கேட்பதிலும் நியாயம் இருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது. வரும் வாரத்தில் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவில், கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கத் திருமணம், அதையொட்டி ஹோட்டலில் வரவேற்பு, உங்கள் கணவரின் முஸ்லிம் நண்பர் வீட்டில் விருந்து என்று வரிசையாக இருக்கிறது. எங்கெங்கே கழற்றச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பது உங்கள் கேள்வி. கொழும்பு ஹோட்டல்களின் விருந்து மண்டபங்களிலேயே என் வேலைக்காலம் கழிந்தது. பிறகு அந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

வெயிலுக்காகவும் தெருவுக்காகவும் போட்ட தொப்பி வீட்டு வாசலோடு கழல வேண்டும். சாப்பாட்டு மேசையில் அதற்கு இடமே இல்லை. ஆனால் சமயத்துக்காக, சடங்குக்காக, நோயின் காரணமாகத் தலையை மூடியிருக்கும் ஒருவரிடம் எந்த வீட்டிலும், எந்த மண்டபத்திலும் அதைக் கழற்றச் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் இதே கொழும்பில் என்ன செய்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எது எந்த வகை என்று எப்படிப் பிரிப்பது என்று என்னிடம் படித்த பிள்ளைகள் கேட்பார்கள். விளிம்பைப் பாருங்கள் என்பேன். பேஸ்போல் தொப்பிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மடல், வைக்கோல் தொப்பியைச் சுற்றியிருக்கும் அகன்ற விளிம்பு, அந்தக் காலத்துத் துரைமார் போட்ட நெட்டித் தொப்பியின் சரிந்த ஓரம், இவை எல்லாம் கண்ணுக்கும் கழுத்துக்கும் நிழல் தருவதற்காக ஏற்பட்டவை. கூரைக்குக் கீழே வந்த பிறகு அந்த நிழலுக்கு வேலை இல்லை. முஸ்லிம்களின் தொழுகைத் தொப்பி, யூதர்களின் உச்சித் தொப்பி, சீக்கியர்களின் தலைப்பாகை, நம் மாப்பிள்ளையின் தலைப்பாகை ஆகிய எதற்கும் விளிம்பு கிடையாது. அவை வெயிலை நினைத்து ஏற்பட்டவை அல்ல. துருக்கித் தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1829-இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அதை அரச உடையாக்கினார். விளிம்பில்லாத தொப்பி என்பதால், போட்டபடியே தொழலாம். நெற்றி தரையைத் தொடுவதற்குத் தடை இல்லை.

இந்த அடையாளம் எல்லா இடத்திலும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். கம்பளித் தொப்பிக்கும் விளிம்பு கிடையாது, ஆனால் அது குளிருக்கான தொப்பி. நுவரெலியாவில் இரவு ஏழு மணிக்கு, கதவு ஜன்னல் இடுக்குகளால் பனி நுழையும் வீட்டில், அதைப் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு சாப்பிடுவதை நான் குறையாக நினைக்கமாட்டேன். வெள்ளவத்தையில், வியர்வை வழியும் மதியத்தில், மின்விசிறிக்குக் கீழே அதற்கு ஒரு காரணமும் இல்லை.

சாப்பாட்டு மேசையில் மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், பரிமாறுகிறவரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பரிமாறுபவர் உட்கார்ந்திருப்பவரின் பக்கத்தில் வந்து குனிகிறார். ஒரு கையில் கறிச்சட்டி, மற்றக் கையில் அகப்பை. போதுமா, இன்னும் வேண்டுமா என்பதை அவர் வாய்விட்டுக் கேட்பது குறைவு. கண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்வார். தொப்பியின் மடல் கண்ணை மறைத்துவிடுகிறது. உட்கார்ந்திருப்பவர் சட்டென்று திரும்பினால் மடல் அவருடைய மணிக்கட்டில் இடிக்கும், குழம்பு மேசை விரிப்பில் கொட்டும். எதிரே இருப்பவருக்கோ மூக்குக்குக் கீழேதான் முகம் தெரியும். அதோடு தொப்பியின் உட்பட்டி நாள் முழுவதும் நெற்றி வியர்வையைக் குடித்துத் தெருத் தூசியையும் சேர்த்துப் பிடித்திருக்கும். கையால் சோறு பிசைந்து சாப்பிடுகிற நமக்கு, தலையையும் தொப்பியையும் தொட்ட கை மறுபடி உணவுக்குள் போவது அருவருப்பான காரியம். சாப்பாட்டுக்கு உட்காருமுன் கை கழுவுகிறோம். அதற்கு முன்பே தொப்பி தலையைவிட்டுப் போயிருக்க வேண்டும். கை கழுவிய பிறகு தொப்பியைக் கழற்றினால் மறுபடி கழுவத்தான் வேண்டும்.

கழற்றிய தொப்பியை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிக்கொடுங்கள், ஏனென்றால் அதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மேசைமேல் ஒருபோதும் வைக்கக் கூடாது, தட்டுக்கு அருகில் சற்று நேரத்துக்கென்றாலும் கூடாது. கையில் பிடிக்கும்போது உட்பக்கம் தன் உடம்பைப் பார்த்திருக்க வேண்டும். வியர்வைப் பட்டியைப் பிறர் கண்ணுக்குக் காட்டக் கூடாது. மாட்ட இடம் இல்லாவிட்டால் தன் கதிரைக்குக் கீழே வைக்கலாம், அல்லது மடியில் வைத்து அதன்மேல் துவாலையை விரிக்கலாம். பழைய கொழும்பு வீடுகளில் இந்தச் சிக்கலே எழவில்லை. விறாந்தையைத் தாண்டியதும் நடுவில் கண்ணாடி பதித்த உயரமான மரத்தாங்கி ஒன்று நிற்கும். இரண்டு பக்கமும் தொப்பிக்கான கொக்கிகள். கீழே குடை செருகும் சட்டம். அதன் அடியில் மழைநீர் சொட்டி விழ ஒரு தகரத் தட்டு. வந்தவர் அந்தக் கண்ணாடியைப் பார்த்து முடியைச் சரிசெய்துவிட்டுத்தான் உள்ளே போவார். தொடர்மாடி வீடுகள் வந்தபோது அந்தத் தாங்கி நிற்க இடமில்லாமல் போயிற்று. தொப்பியும் தலையிலேயே தங்கிவிட்டது.

இனி, வெள்ளைக்காரன் விட்டுச்சென்றதா என்ற கேள்வி. அவர்களுடைய முறை இப்படி இருந்தது. ஆண், வீட்டுக்குள்ளும் தேவாலயத்திலும் உணவு மேசையிலும் தொப்பியைக் கழற்ற வேண்டும். ஹோட்டலின் முன்கூடம், நடைபாதை, ரயில் நிலையம் போன்றவை கூரை இருந்தாலும் தெருவாகவே கருதப்பட்டன. அங்கே கழற்ற வேண்டியதில்லை. பெண்ணின் தொப்பி கூந்தலோடு சேர்த்து ஊசியால் குத்தப்பட்டிருக்கும், உடையின் ஒரு பகுதி. அதனால் பகல் விருந்திலும் தேநீர் மேசையிலும் அவள் அதைக் கழற்றத் தேவையில்லை. விருந்து கொடுக்கும் வீட்டுப் பெண் மட்டும் தன் வீட்டுக்குள் தொப்பி போடமாட்டாள், ஏனென்றால் அவள் எங்கிருந்தும் வந்தவள் அல்லவே. இன்று பெண்பிள்ளைகள் போடுவதும் அதே பேஸ்போல் தொப்பிதான் என்பதால் அந்தச் சலுகை அதற்குப் பொருந்தாது. உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் பையனுக்கும் ஒரே சட்டமாகச் சொல்லுங்கள். பையனை மட்டும் கண்டித்தால் அவன் கேட்பது நியாயமாகிவிடும்.

ஆக, கதிரையும் மேசையும் முள்ளும் கரண்டியும் வந்த வழியில் இந்த வழக்கத்தின் ஒரு பாதி வந்தது உண்மை. மற்றப் பாதி நம்முடையது, அவர்கள் கப்பலேறி வருவதற்கு மிகவும் முந்தியது. தலையில் துணி சுற்றியபடியோ காலில் செருப்போடோ உண்ட உணவு அரக்கருக்குப் போய்ச் சேரும் என்று திதி உணவைப் பற்றிப் பேசும் பழைய தர்மசாஸ்திரம் சொல்கிறது. சைவக் கோவிலில் தலையில் துணி கட்டிக்கொண்டு கும்பிடுவது குற்றம் என்றே நம் பெரியவர்கள் படித்தார்கள். வயலிலிருந்து வரும் மனிதர் படலையில் நின்று தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்து, கால் கழுவிய பிறகுதான் திண்ணையில் ஏறுவார். பெரியவர் எதிரே வந்தால் தோள் சால்வை இடுப்புக்கு இறங்கும். உங்கள் மாமனார் எழுந்து போனது ஆங்கிலப் பண்பாட்டைக் காப்பாற்றுவதற்காக என்று நான் நினைக்கவில்லை. அவர் வளர்ந்த வீட்டில் தலைத்துண்டோடு இலையில் உட்கார்ந்த ஒருவரை அவர் கண்டிருக்கவே மாட்டார்.

ஆனாலும் உங்கள் பெறாமகனின் சந்தேகத்துக்கு அடியில் ஒரு பெரிய உண்மை கிடக்கிறது, அதை மூடிமறைக்க எனக்கு விருப்பமில்லை. தலையைத் திறப்பது மரியாதையாக இருந்த அதே காலத்தில் அது அடக்குமுறையின் கருவியாகவும் இருந்தது. மலையகத் தோட்டங்களில் துரை வரும் வழியில் தொழிலாளி ஒதுங்கி நிற்க வேண்டும், தலைப்பாகையை அவிழ்க்க வேண்டும், பிடித்த குடையை மடக்க வேண்டும். துரையின் தலையிலோ நெட்டித் தொப்பி அப்படியே இருக்கும். யாழ்ப்பாணத்தில் நம்மவர்களே சாதியின் பெயரால் சக மனிதர்களைத் தோளில் சால்வை போடவிடாமல் வைத்திருந்தார்கள். தோளில் கிடந்ததை இறக்கி அக்குளில் இடுக்கு என்று கட்டளையிட்டார்கள். இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே குவேக்கர் என்ற சமயக் குழுவினர், தொப்பியைக் கழற்றி வணங்குவது கடவுளுக்கு மட்டும் உரியது என்று சொல்லி நீதிபதி முன்னாலும் கழற்ற மறுத்தார்கள். 1670-இல் லண்டனில் வில்லியம் பென் என்ற குவேக்கர் மீது நடந்த வழக்கில், நீதிமன்றக் காவலர் ஏற்கனவே கழற்றிவிட்டிருந்த தொப்பியை மறுபடி அவர் தலையில் வைக்கச் சொல்லி, பிறகு அதைக் கழற்றவில்லை என்று 40 மார்க் தண்டம் விதித்தார்கள். அந்த நீதிமன்றத்துக்குத் தேவைப்பட்டது மரியாதை அல்ல, பணிவைக் கறந்தெடுப்பது.

கொழும்பில் நடந்ததாகச் சொன்னேனே, அது 1905-இல் நடந்தது. இலங்கையின் முதல் முஸ்லிம் அத்வக்காத்தான (வழக்கறிஞரான) எம்.சி. அப்துல் காதர் உயர் நீதிமன்றத்தில் துருக்கித் தொப்பியும் மேனாட்டுச் சப்பாத்தும் அணிந்து தோன்றினார். பிரதம நீதியரசர் லேயார்ட், ஒன்று தொப்பியைக் கழற்று, அல்லது சப்பாத்தைக் கழற்று என்றார். அந்த நீதியரசருக்கு இரண்டு மரியாதை முறைகள் தெரிந்திருந்தன. மேனாட்டவர் சப்பாத்தோடு வந்து தலையைத் திறப்பார். கீழ்நாட்டவர் தலைமறைப்போடு வந்து காலைத் திறப்பார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது அவர் வாதம். கேட்பதற்கு ஒழுங்காகத் தோன்றும், ஆனால் எதிரே நின்ற மனிதரின் நிலையை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. அவருக்கு அந்தத் தொப்பி வெயில் மறைப்பு அல்ல. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883 முதல் 1901 வரை இங்கே வாழ்ந்த ஒராபி பாஷாவின் காலத்தில் இந்த ஊர் முஸ்லிம்களிடம் பரவி, அவர்களுடைய தன்மானத்தின் அடையாளமாக மாறிவிட்ட தொப்பி அது. மேனாட்டு உடையில் வழக்காடப் போகிற ஒருவரை, எல்லோர் முன்னாலும் வெறுங்காலோடு நில் என்று சொல்வது எப்படிப்பட்ட அவமானம் என்பதை இன்று விளக்கத் தேவையில்லை.

அந்தச் சமூகம் அதை விழுங்கிக்கொள்ளவில்லை. ஊர் ஊராகக் கண்டனங்கள் எழுந்தன. முஸ்லிம் தலைவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் முன்னின்று உழைத்தார். 1905 டிசம்பர் 31-இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூடியது. கடைசியில் தொப்பியோடு நீதிமன்றத்தில் தோன்றும் உரிமை கிடைத்தது. மருதானைப் பக்கம் போகும்போது அந்தப் பள்ளிவாசலை உங்கள் பெறாமகனுக்குக் காட்டுங்கள். தொப்பிக்காக இந்த ஊர் மக்கள் எழுந்து நின்றார்கள் என்பதையும், அவர்கள் எழுந்து நின்றது எந்தத் தொப்பிக்காக என்பதையும் சொல்லுங்கள்.

அவன் பிறந்த நாட்டிலும் இது நடந்தது. 1993 நவம்பரில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாளன்று, பிரிட்டிஷ் கொலம்பியாவின் சரே நகரில் முன்னாள் படைவீரர் சங்கத்தின் கிளை ஒன்று, தலைப்பாகை அணிந்த சீக்கிய முன்னாள் வீரர்களை மண்டபத்துக்குள் விட மறுத்தது. உள்ளே தலைமறைப்பு கூடாது, அது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பது அவர்கள் காரணம். இறந்தவர்களோடு அதே போரில் நின்றவர்களைத்தான் வாசலில் நிறுத்தினார்கள். அதே கனடாவில் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் அரச குதிரைப்படைப் பொலிஸில் சீக்கியர் தலைப்பாகையோடு பணிபுரிய அனுமதி கிடைத்திருந்தது. ஒரு வழக்கத்தின் காரணத்தை மறந்துவிட்டு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டால் இங்கேதான் போய் முடியும்.

இனி உங்கள் வாரத்துக்கு வருகிறேன்.

கதிரேசன் கோவிலில் குழப்பமே இல்லை. தொப்பி வாகனத்திலேயே இருக்கட்டும். செருப்பு வெளியே. ஆண்கள் சட்டையையும் கழற்றிச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொள்வது நல்லது. தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போடுவது, கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு கும்பிடுவது இரண்டும் வேண்டாம். களனி, கங்காராமை போன்ற விகாரைகளைப் பார்க்க அழைத்துப் போவதாக இருந்தால் அங்கும் தொப்பி, செருப்பு இரண்டும் கழற்ற வேண்டும். திறந்த முற்றம்தானே, வெயில் கொளுத்துகிறதே என்பது அங்கே செல்லாது, குடையைக்கூட மடக்கிவிடுவார்கள். சுடுமணலில் கால் வைக்கப் பயந்தால் காலையிலேயே போய்விடுங்கள்.

கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் ஆண்கள் தலை திறந்திருக்க வேண்டும். இது கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய கடிதத்திலிருந்து வருவது. ஆண் தலையை மூடி ஜெபிக்கக் கூடாது, பெண் மூடாமல் ஜெபிக்கக் கூடாது என்றார் அவர். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இது விதியாகவே இருந்தது. 1983-இன் தொகுப்பில் பெண்களுக்கான கட்டாயம் இல்லை. ஆயினும் நம் மூத்த பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடிடுவதையோ வலைத்துணி போடுவதையோ இன்றும் காணலாம். அந்தத் திருமணத்துக்கு ஆயர் வந்தால் பையனை ஒன்று கவனிக்கச் சொல்லுங்கள். ஆயர் உட்கார்ந்திருக்கும்போதும் ஆசி வழங்கும்போதும் உயரமான ஆயர் தொப்பி அவர் தலையில் இருக்கும். ஜெபத்துக்கு எழும்போது அதைக் கழற்றுவார். உள்ளே ஒரு சிறிய வட்டத் தொப்பி தெரியும். நற்கருணை மன்றாட்டு வரும்போது அதுவும் கழற்றப்படும். பதவியின் அடையாளமாகவே தொப்பி அணிந்திருப்பவரும் கழற்றும் நேரம் உண்டு என்பதை ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

ஹோட்டல் வரவேற்பில் முன்கூடம் வரை அவன் தொப்பியோடு வரலாம், தவறில்லை. மண்டபக் கதவில் கழற்றட்டும். பொருட்களை வாங்கி வைக்கும் மேசை வாசலருகே இருந்தால் அங்கே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். என் பயிற்சியில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன்: விருந்தினர் யாராவது தொப்பியோடு உட்கார்ந்தால் பரிமாறுபவர் அதைக் கழற்றச் சொல்லக் கூடாது. அவர் ஏன் போட்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்பதும் நம் வேலை அல்ல. சொல்ல வேண்டியிருந்தால் அழைத்து வந்தவர் தனியே சொல்லட்டும். அதே வரவேற்பில் மாப்பிள்ளை சைவர் என்றால் மாப்பிள்ளையும் தோழனும் தலைப்பாகையோடு இருப்பார்களே என்று உங்கள் பெறாமகன் மடக்குவான். அது சடங்கின் அணி. பெரியவர்கள் கூடிக் கட்டிவிட்டது, அவர்கள்தான் எடுத்துவிடுவார்கள். தெருவிலிருந்து வந்ததல்ல. தேசிய கீதம் இசைத்தால் எழுந்து நிற்கும்போது தொப்பி தலையில் இருக்கக் கூடாது. தெருவில் நிற்கும்போது பொரளைக் கனத்தைக்குப் போகும் பிரேத ஊர்வலம் கடந்து சென்றாலும் அப்படித்தான்.

முஸ்லிம் நண்பர் வீட்டு விருந்தைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்படுவதாகத் தெரிகிறது. கவலை வேண்டாம். விரிப்பில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, சஹன் என்ற ஒரே பெரிய தட்டில், பெரும்பாலும் ஆறு பேராகச் சேர்ந்து சாப்பிடச் சொல்வார்கள். வீட்டு ஆண்கள் தொப்பியோடு உண்ணலாம். உணவை இறைவன் கொடையாக மதித்துத் தலையை மூடுவது அவர்கள் பழக்கம். உங்கள் பையன் தன் பேஸ்போல் தொப்பியை வாசலில் கழற்றிவிட்டு வெறுந்தலையோடு உட்கார்ந்தால் அதுவே முழு மரியாதை. அவர்கள் போட்டிருக்கிறார்களே, நானும் என் தொப்பியைப் போட்டுக்கொள்கிறேன் என்று அவன் ஆரம்பித்தால் விடாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது அந்த வீட்டாருக்கும் தெரியும். உணவுக்கு முன்னோ பின்னோ துஆ (பிரார்த்தனை) ஓதும் நேரத்தில் யாராவது ஒரு தொழுகைத் தொப்பியை அன்போடு நீட்டினால் வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். நீட்டாவிட்டால் கேட்க வேண்டியதில்லை, அமைதியாக இருந்தால் போதும்.

நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும், கொழும்பில் இருப்பவர்களுக்கு இது அன்றாடம் எதிர்ப்படுவது. மகரகம வைத்தியசாலையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருகிறவர்கள் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் உறவினர் வீடுகளில் தங்குவார்கள். மருந்தால் முடி உதிர்ந்த ஒரு பெண்ணோ சிறுவனோ தொப்பியோடு உங்கள் மேசையில் உட்காரலாம். அங்கே ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், "சாப்பிடும்போது தொப்பியைக் கழற்று பிள்ளை" என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை அன்று சாப்பிடாது. ஆகவே வெளியாள் யாரையும், காரணம் தெரியாத யாரையும், கழற்றச் சொல்லாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு நாம் சொல்லலாம், ஏனென்றால் அவன் தலையில் ஏன் அது இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். உறுதியாகத் தெரியுமா என்பதையும் ஒருமுறை பாருங்கள். பதினைந்து, பதினாறு வயதில் நெற்றியில் பரு, திடீரென்று முடி கொட்டுவது, வெட்டிக்கொண்ட முடி பிடிக்காமல் போவது இவற்றுக்காகவும் பிள்ளைகள் தொப்பிக்குள் ஒளிந்துகொள்வார்கள். அப்படி ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். மாமனாரிடம் காதோடு சொல்லிவைத்தால் அவரும் சும்மா இருப்பார்.

சொல்லும் விதம்தான் மிச்சம். மேசையில், எல்லோர் முன்னாலும், கறி பரிமாறிக்கொண்டே சொல்லாதீர்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதே, அவன் அறை வாசலில் நின்று, "தம்பி, தாத்தாவோடு சாப்பிடப் போகிறோம், தொப்பியை வைத்துவிட்டு வா" என்றால் போதும். அவன் ஏன் என்று கேட்டால் பரிமாறுபவரின் கண்ணையும் கையையும் பற்றி நான் சொன்னதைச் சொல்லுங்கள். வெறும் "மரியாதை" என்று சொன்னால் யாருக்கு, எதற்கு என்று அடுத்த கேள்வி வரும், வரவும் வேண்டும். இன்னும் நல்லது, ஒரு நாள் அவனையே எல்லோருக்கும் பரிமாறச் சொல்லுங்கள். குனிந்து குனிந்து சோறு போடும்போது அவன் மடலே அவனுக்கு இடைஞ்சலாகும்.

மாமனாருடைய பக்கத்திலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. விருந்தாளியாக வந்த பிள்ளை உட்கார்ந்த மேசையிலிருந்து பெரியவர் சோற்றை விட்டு எழுவது, தொப்பியோடு உட்காருவதைவிடப் பெரிய குறை என்பது என் எண்ணம். நம் வீடுகளில் சோற்றுக்கு முன்னால் கோபம் காட்டக் கூடாது என்று வளர்த்தவர்களும் அதே தலைமுறைதான். நீங்கள் மருமகள், நேரே சொல்வது கடினம். உங்கள் கணவர் சொல்லட்டும். "அப்பா, அவனுக்குத் தெரியாது, நீங்களே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுங்கள், யாழ்ப்பாணத்தில் எப்படி இருந்தது என்று கதையாகச் சொல்லுங்கள்" என்றால், பெரும்பாலான பெரியவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

கடைசியாக ஒரு சிறிய வேலை. வாசற்கதவை ஒட்டிய சுவரில், கை எட்டும் உயரத்தில், நாலைந்து கொக்கி அடித்துவிடுங்கள். இன்று கொழும்பில் அதிகம் போடப்படும் தலைமறைப்பு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்தான். வங்கிகளிலும் நகைக்கடைகளிலும் அதைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி வாசலிலேயே அறிவித்தல் வைத்திருக்கிறார்கள். அங்கே காரணம் பாதுகாப்பு, முகம் தெரிய வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களோ ஹெல்மெட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் சாப்பாட்டு மேசையிலும் சுவாமி அறை வாசலிலும் வைத்துவிடுகிறார்கள். கொக்கி கண்ணில் பட்டால் ஹெல்மெட்டும் தொப்பியும் தாமாகவே அங்கே போகும். மழைக்காலத்தில் கீழே ஒரு பழைய தட்டு வைத்துவிடுங்கள், தண்ணீர் சொட்டும்.